கணித மேதையின் மனம் உடைந்தபோது

கணக்கில் உலகத்தையே வியக்கவைத்தவர் ராமானுஜம். அவர் ஒரு நாள் லண்டனில் ரயில் முன் விழுந்தார். ஏன்?

1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். பையன் கணக்கில் புலி. ஆனால் மனம் மிகவும் மெல்லியது. அவமானத்தைத் தாங்கமாட்டார்.

கல்லூரியில் சேர்ந்தவர் கணக்கிலேயே மூழ்கினார். ஆங்கிலத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பெற்றோர் பதறித் தேடினார்கள். பிறகு திரும்பி வந்தார்.

சீமையில் தனிமை

1914-ல் பேராசிரியர் ஹார்டியின் அழைப்பின்பேரில் கேம்பிரிட்ஜ் போனார். சைவச் சாப்பாடு, தாமே சமைத்தார். சில மாதங்களில் உலக யுத்தம் மூண்டது. காய்கறி கிடைப்பதே அரிதாயிற்று. குளிர் வேறு. இரவு பகல் பாராமல் கணக்குப் போட்டார், நினைத்தபோது சாப்பிட்டார்.

ஒரு நாள் சட்டர்ஜி என்ற நண்பரையும், அவர் மணக்கவிருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்தார். ரசம் பரிமாறினார். இன்னொரு முறை ஊற்ற வந்தபோது, போதும் என்று சொல்லிவிட்டார்கள். சற்று நேரத்தில் வீட்டுக்காரரைக் காணோம்! சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது. மனம் புண்பட்டு அங்கே போய்விட்டாராம்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இத்தனை சிறிய காரணத்துக்கு ஒருவர் ஊரைவிட்டே போனால், உள்ளே ஏதோ நொறுங்குகிறது என்று அர்த்தம்.

1917-ல் படுக்கையில் விழுந்தார். காசநோய் என்று கருதி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். மனைவி ஜானகியின் கடிதங்கள் அவர் கைக்குப் போகவில்லை; மாமியார் தடுத்தது பின்னால் தெரிந்தது. அவரும் வீட்டுக்கு எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். உடம்புக்கு வைத்தியம் நடந்தது. மனத்துக்கும் வைத்தியம் உண்டு என்று பலருக்குத் தெரியாத காலம் அது.

போலீஸ் பிடித்தது

1918-ம் ஆண்டு ஆரம்பத்தில்தான் ரயில் சம்பவம். ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டார். சில அடி தூரத்தில் ரயில் நின்றது! காலில் காயத்தோடு உயிர் பிழைத்தார். தற்கொலை முயற்சி அங்கே குற்றம். போலீசார் கைது செய்தார்கள். ஹார்டி ஓடிவந்து வாதாடி மீட்டார்.

இங்கிலாந்தில் அந்தச் சட்டம் 1961-ல் ஒழிந்தது. இந்தியாவில் 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம், இப்படி முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருப்பவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் பொறுப்பு.

ஆனாலும் நாஞ்சில் நாட்டில் டாக்டரிடம் போகத் தயங்குகிறவர்கள் உண்டு. ஊரார் "கோட்டி" என்று பட்டம் கட்டிவிடுவார்களே என்ற பயம்! தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் நாட்டமில்லை, யாரோடும் பேச்சில்லை என்று இரண்டு வாரம் போனால் டாக்டரைப் பார்க்கவேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. அவரைத் தனியாகவும் விடக்கூடாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு இரவிலும் பகலிலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

மீண்டும் கணக்கு

அந்த ஆண்டு மே மாதம் ராயல் சொசைட்டி ராமானுஜத்தை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியும் கௌரவித்தது. மனம் கொஞ்சம் தெளிந்தது. மறுபடி பென்சிலை எடுத்தார். தமக்குக் கிடைக்கவிருந்த பணத்தில் மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கும்படி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்.

1919-ல் தாயகம் திரும்பினார். உடம்பு தேறவில்லை. 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. அதுவரை ஜானகி அருகிலிருந்து கவனித்துக்கொண்டார். படுத்தபடியே அவர் எழுதிய தாள்கள் 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகம் ஒன்றில் கிடைத்தன. கணித அறிஞர்கள் இன்னமும் அவற்றை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.