கெட்லே கண்ட சராசரி மனிதன்

சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் உடற்சோதனை நடந்தது. என் அறை நண்பர் ஊரில் கபடி ஆடி வளர்ந்தவர், திரண்ட தோள். உயரம் 170 சென்டிமீட்டர், எடை 76 கிலோ. எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து, 26.3, அதிக எடை என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிரவே நண்பர் சாப்பாட்டை நிறுத்தினார். மெஸ்ஸின் சப்பாத்தியைக் கண்டு முகம் சுளிப்பது நம்மவர் எல்லோருக்கும் வழக்கந்தான். இவரோ உண்மையாகவே பட்டினி கிடந்தார். பத்து நாள் கழித்து மாடிப்படியில் மயங்கி விழுந்தார். தாங்கிப் பிடித்தவன் நான். இந்தக் கணக்கை முதலில் போட்ட புண்ணியவான் யார் என்று நூல் நிலையத்தில் தேடினேன். கிடைத்தவர் மருத்துவர் அல்லர், வானநூல் அறிஞர்!

அடால்ஃப் கெட்லே 1796 பிப்ரவரி 22-ஆம் நாள், இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த கெண்ட் நகரில் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். இளமையிலேயே கணித ஆசிரியர் வேலைக்குப் போனார். இடையிடையே கவிதையும் எழுதினார். 1819-இல் கெண்ட் பல்கலைக் கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தபோது வயது இருபத்து மூன்று. அன்பர்களே, எனக்கும் அதே வயதுதான். நான் இன்னும் செய்முறை ஏட்டையே முடித்தபாடில்லை!

பிரஸ்ஸல்ஸில் வானாய்வுக் கூடம் அமைக்கும் முயற்சியில், 1823-இல் பாரிஸுக்குப் போனார். அங்கே லாப்லாஸ் போன்றோர் வளர்த்த நிகழ்தகவுக் கணிதம் அவரைப் பற்றிக்கொண்டது. ஒரு விண்மீனின் இடத்தைப் பலமுறை அளந்தால் விடை சற்றுச் சற்று மாறும்; அவ்விடைகள் சராசரியைச் சுற்றி மணி வடிவில் குவியும். கெட்லே அதே கண்கொண்டு மனிதரைப் பார்த்தார். பிறப்பு, இறப்பு, திருமணம், குற்றம் யாவற்றையும் எண்ணினார். ஸ்காட்லாந்துப் படைவீரர் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரின் மார்பளவுப் பட்டியலிலும் அந்த மணியைக் கண்டார். 1835-இல் வெளிவந்த நூலில் ‘சராசரி மனிதன்’ என்னும் கருத்தை உலகுக்குத் தந்தார்.

எடைக் கணக்கும் அந்நாளையதே. உடல் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெருத்தால், எடை உயரத்தின் முப்படியைப் பின்பற்ற வேண்டும். வளர்ந்தவர்களை ஒப்பிட்டபோது, எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டியே ஏறக் கண்டார். வளரும் பிள்ளைகளுக்கு இவ்விதி பொருந்தாது என்பதையும் கண்டார். அவர் தேடியது கூட்டத்தின் இயல்பு. ஒருவன் பருமனா, நோயாளியா என்பதன்று.

ஆயினும் அவரை முழுதும் விடுவிக்க என் மனம் ஒப்பவில்லை. சராசரி மனிதனையே முழுமைக்கு இலக்கணமாகக் கொண்டு, விலகியவரை அளவைப் பிழைபோல் அவர் கருதினார். விண்மீனுக்கு உண்மையான இடம் ஒன்று உண்டு. என் நண்பருக்கு உண்மையான எடை எது?

1855-இல் மூளைத் தாக்கு நோயால் கெட்லேயின் நினைவாற்றல் குன்றியது. அப்படியும் உழைத்தார். 1874 பிப்ரவரி 17-இல் மறைந்தார். அவர் வகுத்தலுக்கு ‘உடல் நிறைக் குறியெண்’ என்ற பெயர் 1972-இல்தான் வந்தது. அமெரிக்கர் ஆன்செல் கீஸும் உடன் ஆய்ந்தோரும் சூட்டியது. உலக சுகாதார நிறுவனம் 18.5 முதல் 25 வரையை இயல்பு என்கிறது. ஆசியரிடம் அதே எண்ணுக்குக் கொழுப்பு மிகுதியாகக் காணப்படுவதால், 23-ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று 2004-இல் வல்லுநர்கள் கூறினர். ஆகவே அந்த எண்ணைத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் கபடி வளர்த்த தசையும், உட்கார்ந்து வளர்த்த தொந்தியும் தராசுக்கு ஒன்றே.

மயக்கத்துக்குப் பின் பார்த்த டாக்டர், நண்பரின் இடுப்பை நாடாவால் அளந்தார், இரத்தம் சோதித்தார், குறை ஒன்றும் இல்லை என்று சாப்பிட அனுப்பினார். இப்போது சங்கத்தில் இட்லி போடும் நாட்களில் நண்பர் எட்டுக்குக் குறைவதில்லை. என் எண் 17.2. இலையில் மேலும் இரண்டு வைத்துவிட்டு, நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறார்.