கடல் கடந்து கற்பிக்கச் சென்ற சார்லட் ஸ்கொட்

1880 ஆம் ஆண்டு தை மாதத்தில் கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தின் கணிதச் சிறப்புப் பரீட்சை முடிவுகள் வாசிக்கப்பட்டன. முதல் வகுப்பில் சித்தியெய்தியோரின் பெயர்களைத் திறமை வரிசைப்படி வாசிப்பது அங்கு மரபு. எட்டாம் இடத்துக்கு வந்ததும் மண்டபத்தில் நின்ற மாணவர்கள் வாசித்த பெயரைக் கேட்கவிடாமல் வேறொரு பெயரைக் கூவினார்கள்; தொப்பிகளை வீசி ஆரவாரித்தார்கள். அவர்கள் கூவியது கேர்ட்டன் மகளிர் கல்லூரி மாணவி ஸ்கொட்டின் பெயர். பெயருக்குரியவரோ மண்டபத்தில் இல்லை. பெண் என்பதால் அவருக்கு அங்கு வர அனுமதி கிடையாது.

சார்லட் அங்கஸ் ஸ்கொட் 1858 இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தவ போதகர். பின்னர் மஞ்செஸ்டரில் போதகர்களைப் பயிற்றும் கல்லூரியின் அதிபரானவர். பெண் பிள்ளைகளுக்கு நல்ல இடைநிலைப் பாடசாலைகள் அரிதாக இருந்த காலம் அது. ஆதலால் மகளுக்கு வீட்டிலேயே ஆசிரியர் வைத்துக் கணிதம் கற்பித்தார். 18 வயதில் புலமைப்பரிசில் பெற்றுச் சார்லட் கேர்ட்டனுக்குச் சென்றார். பல்கலைக்கழக விரிவுரைகளுக்குச் செல்வதென்றால் விரிவுரையாளர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே அனுமதி பெறவேண்டும். பரீட்சை எழுதவும் விசேட அனுமதிதான். எட்டாம் இடத்துக்கு நிகரான புள்ளிகள் பெற்றும் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை, பட்டமும் இல்லை.

மாணவர் எழுப்பிய ஆரவாரம் வீண்போகவில்லை. அதைத் தொடர்ந்து எழுந்த கோரிக்கைகளின் பயனாக, 1881 முதல் பெண்கள் உரிமையோடு பரீட்சை எழுதவும் அவர்களது பெயர்கள் தனிப் பட்டியலாக வெளிவரவும் பல்கலைக்கழகம் இணங்கியது. பட்டம் வழங்க மட்டும் மறுத்துவிட்டது.

படித்து முடித்த பிள்ளை, கையில் பட்டமில்லாமல் என்ன செய்வது? ஸ்கொட் கேர்ட்டனிலேயே கணித விரிவுரையாளராகச் சேர்ந்தார். பேராசிரியர் ஆதர் கேலியின் விரிவுரைகளைக் கேட்டு, அவருடைய வழிகாட்டலில் ஆய்விலும் இறங்கினார். அதேவேளை லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கும் தோற்றினார். 1878 இலேயே பெண்களுக்குப் பட்டக் கதவைத் திறந்துவிட்டிருந்த பல்கலைக்கழகம் அது. வேறிடத்தில் படித்தவர்களும் அங்கு பரீட்சை எழுதலாம். 1882 இல் விஞ்ஞானமாணிப் பட்டம், 1885 இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டம், இரண்டும் முதல் வகுப்பில்.

லண்டன் வெளிவாரிப் பட்டம் என்றதும் எம்மவர்க்கு ஒரு நெருக்கம் தோன்றும். 1921 இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, தன் மாணவரை ஆயத்தம் செய்தது இந்த லண்டன் பட்டத்துக்குத்தான். எம் பாட்டிமார் காலத்துப் பட்டதாரி ஆசிரியைகள் எத்தனையோ பேருக்கு வாழ்வளித்த அதே கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஸ்கொட்டும் வேலை தேடினார்.

சொந்த நாட்டில் ஆண்களுக்குரிய கணிதப் பேராசிரியர் பதவி எதுவும் அவருக்குக் கிடைக்கப் போவதில்லை. அந்த நேரத்தில் அமெரிக்காவில், பிலடெல்பியாவுக்கு அண்மையில், குவேக்கர் சமயத்தவர் பிரின் மோர் என்ற மகளிர் கல்லூரியைத் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கலாநிதிப் பட்டம் வரை அங்கேயே படிக்கலாம் என்பது திட்டம். அதன் பீடாதிபதி கரி தோமஸ், தமக்கு வேண்டிய கலாநிதிப் பட்டத்தைத் தேடிச் சுவிற்சர்லாந்தின் சூரிச் வரை போய்வந்த பெண்மணி. அத்தகையவருக்கு ஸ்கொட்டின் நிலையை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா? கேலியின் சிபாரிசும், லண்டன் பட்டமும், கேர்ட்டனில் கற்பித்த அனுபவமும் சேர்ந்து நியமனத்தைக் கொடுத்தன. விண்ணப்பம் எழுதிக் களைத்திருக்கும் எமது இளைய சகோதரிகள் கவனிக்க: பட்டத்தோடு, தம்மை நன்கறிந்த ஓர் ஆசிரியரின் சொல்லும் அங்கு பேசியது.

1885 இல், 27 வயதில், கணிதத்துறையின் தலைவியாக அவர் பிரின் மோர் சேர்ந்தார். முதல் ஆண்டில் அவருடன் பணியாற்றிய சிறிய ஆசிரியர் குழாத்தில் வரலாறு கற்பித்த இளைஞர் ஒருவர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியானார். அவர்தான் வூட்றோ வில்சன். வில்சன் மூன்று ஆண்டுகளில் புறப்பட்டுவிட்டார். ஸ்கொட் நாற்பது ஆண்டுகள் தங்கினார்.

பெண் பிள்ளைகள்தானே என்று அவர் கணிதத்தில் எவ்விதச் சலுகையும் காட்டவில்லை. கல்லூரிக்குக் கல்லூரி அனுமதிப் பரீட்சை வேறுபட்டு மாணவர் அல்லற்பட்ட அந்நாட்டில் பொதுவான அனுமதிப் பரீட்சை வேண்டும் என்று உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். அதற்கெனச் சபை அமைந்தபோது 1902 இல் கணிதத்துக்குப் பிரதம பரீட்சகராகவும் கடமையாற்றினார். அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் ஆட்சிக் குழுவில் இடம்பெற்ற முதற் பெண் அவரே; 1906 இல் அதன் உபதலைவர். பகுமுறைக் கேத்திரகணிதத்தில் 1894 இல் நூலொன்றை வெளியிட்டார். எழுவர் அவரிடம் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தனர். எமக்கு இந்த எழுவரே எல்லாப் பதவிகளிலும் பெரிதாகத் தோன்றுகின்றனர்.

1899 இல் அவர், ஜெர்மனியக் கணிதவியலாளர் மாக்ஸ் நோதரின் தேற்றம் ஒன்றுக்குக் கேத்திரகணித முறையில் நிறுவலொன்றை வெளியிட்டார். அந்த நோதரின் மகள் எமி, நாசிகள் பதவி நீக்கியதும் 1933 இல் தஞ்சம் புகுந்த கல்லூரி எது தெரியுமா? பிரின் மோர்தான். ஸ்கொட் அப்போது உயிருடன் இல்லை.

வெளிநாட்டு வாழ்வு இலேசாக இருந்ததென்று சொல்வதற்கில்லை. காது கேட்கும் திறன் ஆண்டுக்கு ஆண்டு குன்றியது. மூட்டுவாதமும் வாட்டியது. திறந்தவெளியில் வேலை செய்யும்படி வைத்தியர் சொல்ல, தோட்டத்தில் இறங்கியவர் செவ்வந்தியில் புதிய இனமொன்றையே உருவாக்கிவிட்டார்! 1924 இல் ஓய்வு பெற்ற பின்னரும், கடைசி ஆய்வு மாணவி பட்டம் முடிப்பதற்காக மேலும் ஓராண்டு தங்கினார்.

1925 இல் கேம்பிரிஜ் திரும்பி 1931 இல் அங்கேயே காலமானார். அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கேம்பிரிஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948 இல்.