அட்டவணை தந்த அறிஞர் எட்கர் காட்



டேட்டாபேஸ் லேபில் நாம் படும் பாடு நமக்குத்தான் தெரியும். குவெரி எந்த எரரும் காட்டாமல் ஓடும். விடை மட்டும் தப்பாக வரும். நாற்பது பேர் படிக்கிற வகுப்புக்கு இருநூறு வரி வந்து நிற்கும். பரீட்சைக்கு வராதவர்கள் யார் என்று கேட்டால் ஒருத்தர் பெயரும் வராது. உடனே மெஷினைத் திட்டுவோம். பாவம், மெஷின் என்ன செய்யும்? இந்த அட்டவணைகளுக்குப் பின்னால் ஒரு மனிதரின் சிந்தனை இருக்கிறது. அவர் பெயர் எட்கர் ஃபிராங்க் காட். அவர் எப்படி யோசித்தார் என்று புரிந்துகொண்டால் நம்ம தகராறுகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

கடலோரத்துப் பிள்ளை

1923 ஆகஸ்ட் 19 அன்று, இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்லாந்து தீவில் காட் பிறந்தார். நம்ம கூடங்குளம் மாதிரியே எந்நேரமும் கடல் காற்று வீசும் இடம். ஏழு பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. அப்பாவுக்குத் தோல் தொழில், அம்மா பள்ளி ஆசிரியை. ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் படித்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து கடற்கரைக் காவல் விமானங்களை ஓட்டினார். போர் முடிந்த பிறகு அமெரிக்கா சென்று, 1940-களின் கடைசியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் புரோகிராம் எழுதும் வேலையில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மெக்கார்த்தி என்ற செனட்டர், கண்டவர் மீதெல்லாம் கம்யூனிஸ்ட் முத்திரை குத்தி வேட்டையாடிக் கொண்டிருந்தார். அது பிடிக்காமல் 1953-ல் காட் கனடாவுக்குப் போய்விட்டார், 1957-ல்தான் திரும்பினார். அதன் பின்பு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1965-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது! டிப்ளமோவோடு நம்ம படிப்பு முடிஞ்சு போச்சு என்று நினைக்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

மரம் ஏறிய காலம்

பிறகு காட், கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரில் இருந்த ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்தார். அன்றைய டேட்டாபேஸ்களில் பெரியது ஐ.எம்.எஸ். சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் லட்சக்கணக்கான உதிரி பாகங்களைக் கணக்கு வைக்கப் பிறந்தது அது. தகவல் எல்லாம் மரம் மாதிரி கிளை கிளையாக இருக்கும். கல்லூரிக்குக் கீழே துறை, துறைக்குக் கீழே வருடம், வருடத்துக்குக் கீழே மாணவன். மேலிருந்து கீழே இறங்கிக் கேட்டால் சுலபம். ஆனால் ராதாபுரத்திலிருந்து வரும் மாணவர்கள் எந்தெந்தத் துறையில் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டால், எல்லாக் கிளையிலும் ஏறி இறங்கணும். கேள்வி மாறினால் புரோகிராமையே மாற்றி எழுத வேண்டியதுதான்.

1970 ஜூன் மாதம், அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கத்தின் பத்திரிகையில் காட் ஒரு கட்டுரை எழுதினார். மொத்தம் பதினோரு பக்கம்தான். மரமும் வேண்டாம், கிளையும் வேண்டாம். எல்லாத் தகவலையும் அட்டவணைகளாக வைப்போம். எது வேண்டும் என்று மட்டும் கேட்போம். எப்படித் தேடுவது என்பதை மெஷின் பார்த்துக்கொள்ளட்டும் என்பதே அதன் சாரம். கணிதத்தில் படிக்கிற கணக்கோட்பாட்டைத்தான் அவர் அடித்தளமாக எடுத்துக்கொண்டார். அதிலிருந்து பிறந்த விதிகளைத்தான் நாம் தெரியாமல் மீறி முழிக்கிறோம்.

முதல் விதி: ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம் வேண்டும். நம்ம பக்கத்தில் ஒரே வகுப்பில் இரண்டு இசக்கிமுத்து இருப்பது சகஜம். பெயரை வைத்து மார்க் போட்டால் ஒருவர் மார்க் அடுத்தவருக்கும் ஏறிவிடும். ரிஜிஸ்டர் நம்பரைத்தான் பிரைமரி கீயாக வைக்க வேண்டும்.

இரண்டாவது: ஒரு கட்டத்தில் ஒரு மதிப்புதான் இருக்கணும். காற்றாலை ஒன்று எந்தெந்த தேதியில் பழுதானது என்பதை ஒரே கட்டத்தில் கமா போட்டு எழுதினால், மார்ச் மாதப் பழுதுகளை எண்ணித்தரச் சொல்லும்போது திண்டாட வேண்டியிருக்கும். பழுதுகளுக்குத் தனி அட்டவணை போட்டு, ஒரு பழுதுக்கு ஒரு வரி வைத்து, கூடவே காற்றாலை நம்பரையும் எழுதினால் வேலை முடிந்தது.

மூன்றாவது: வரிகளுக்கு வரிசை கிடையாது. நேற்று ரிஜிஸ்டர் நம்பர் வரிசையில் வந்தது, இன்றைக்கு ஏன் மாறி வருது என்று கேட்கக்கூடாது. வரிசை வேண்டுமென்றால் 'ஆர்டர் பை' போட்டே ஆகணும்.

நான்காவது, அந்த இருநூறு வரி ரகசியம். மாணவர் அட்டவணையில் 40 வரி, ஊர் அட்டவணையில் ராதாபுரம், வள்ளியூர் என்று 5 வரி. இரண்டையும் நிபந்தனை இல்லாமல் சேர்த்தால் ஒவ்வொரு மாணவனும் ஒவ்வொரு ஊரோடும் ஜோடி சேருவான். 40 பெருக்கல் 5, ஆக 200! இரண்டு அட்டவணையிலும் ஊர் எண் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஜாயின் நிபந்தனை போட்டால் சரியாகிவிடும். அப்போதும் 38 வரிதான் வருகிறது என்றால், இரண்டு பேருக்கு ஊர் எண் பதியவில்லை என்று அர்த்தம். அவர்களும் பட்டியலில் வரணும் என்றால் 'லெஃப்ட் ஜாயின்' போட வேண்டும்.

வீட்டில் கிடைக்காத மரியாதை

இவ்வளவு நல்ல யோசனையைச் சொந்தக் கம்பெனி கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. ஐ.எம்.எஸ். மூலம் ஐ.பி.எம்.முக்கு நல்ல வருமானம் வந்துகொண்டிருந்தது. ஓடுகிற வண்டியை யார் நிறுத்துவார்கள்? அட்டவணை முறை கேட்க நன்றாயிருக்கும், வேகமாக ஓடாது என்றார்கள். 1974-ல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் நடந்த மாநாட்டில், அப்போதே டூரிங் விருது வாங்கியிருந்த சார்லஸ் பாக்மேனோடு காட் நேருக்கு நேர் வாதிட்டார். டாக்டர் பட்டம் வாங்கிய அதே ஊரில் தன் கொள்கைக்காக நின்றார்.

ஒருவழியாக ஐ.பி.எம். 'சிஸ்டம் ஆர்' என்ற சோதனைத் திட்டத்தை ஆரம்பித்தது. அதில் இருந்த டான் சேம்பர்லின், ரே பாய்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் 1974-ல் 'சீக்குவல்' என்ற மொழியை வெளியிட்டார்கள். அந்தப் பெயர் வேறொரு கம்பெனியின் வணிகப் பெயராக இருந்ததால் பின்னால் எஸ்.க்யூ.எல். என்று சுருங்கியது. காட் எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டு வெளியார் முந்திக்கொண்டார்கள். இன்று ஆரக்கிள் என்று நாம் அறியும் கம்பெனி 1979-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஐ.பி.எம்.மின் முதல் எஸ்.க்யூ.எல். சரக்கு 1981-லும், டி.பி.2 1983-லும்தான் வந்தன. 1981-ல் காட்டுக்கும் டூரிங் விருது கிடைத்தது.

ஆனால் எஸ்.க்யூ.எல். மொழி காட்டுக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஒரே வரி இரண்டு தடவை வர அது இடம் கொடுத்தது அவருக்குப் பெரிய குறை. நாமும் ஒரே ஊர்ப் பெயர் பத்து தடவை வந்து குழம்புகிறோமே, 'டிஸ்டிங்ட்' போடுகிறோமே, அந்தத் தகராறுதான்! பெயருக்கு மட்டும் அட்டவணை முறை என்று சொல்லி விற்றவர்களைத் தட்டிக் கேட்க, 1985-ல் பன்னிரண்டு விதிகளை வெளியிட்டார். பூஜ்யத்திலிருந்து எண்ணியதால் உண்மையில் பதின்மூன்று!

அவற்றில் மூன்றாவது விதி 'நல்' பற்றியது. பரீட்சையில் பூஜ்யம் வாங்கியவனும் பரீட்சைக்கே வராதவனும் ஒன்றா? வராதவனுக்கு 'நல்'தான் போட வேண்டும். 80, 60, 0, நல் என்று நான்கு பேருக்குச் சராசரி கேட்டால், மெஷின் நல்லை விட்டுவிட்டு 140-ஐ மூன்றால் வகுத்து 46.67 தரும். நல்லுக்குப் பதில் பூஜ்யம் போட்டிருந்தால் 35 ஆகிவிடும். தெரியாத ஒன்று இன்னொன்றுக்குச் சமமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் சமக்குறி போட்டு நல்லைத் தேடினால் யாருமே வரமாட்டார்கள். 'இஸ் நல்' என்றுதான் கேட்கணும்.

கைதவறினால்

'வேர்' நிபந்தனை போடாமல் 'டெலீட்' கொடுத்தால் அட்டவணை முழுவதும் காலி. 'அப்டேட்' கொடுத்தால் எல்லாருக்கும் ஒரே மார்க். இதற்கும் சிஸ்டம் ஆர் காலத்திலேயே வழி கண்டார்கள். அந்தக் குழுவில் இருந்த ஜிம் கிரே, டிரான்சாக்சன் முறைக்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர். முதலில் அதே நிபந்தனையை 'செலக்ட்'டில் போட்டு எத்தனை வரி வருது என்று பாருங்கள். பிறகு 'ஸ்டார்ட் டிரான்சாக்சன்' கொடுத்து மாற்றம் செய்யுங்கள். சரியாக இருந்தால் 'கமிட்', இல்லாவிட்டால் 'ரோல்பேக்'. மைஎஸ்க்யூஎல் தானாகவே கமிட் செய்துவிடும் பழக்கம் உள்ளது. எனவே டிரான்சாக்சன் தொடங்க மறக்க வேண்டாம்.

லேபில் இது ஒரு பயிற்சிதான், மார்க்தான் போகும். நாளைக்கு நம்மில் ஒருவர் மின்வாரியத்திலோ ஆஸ்பத்திரியிலோ தாலுகா ஆபீசிலோ இதே வேலையைப் பார்ப்போம். அங்கே ஒரு வரி தப்பாக அழிந்தால், ஏதோ ஒரு ஊரில் ஒரு பாட்டியின் பென்ஷன் நின்றுபோகும். தன் பெயர் ஏன் விட்டுப்போச்சு என்று அந்தப் பாட்டிக்குக் கடைசிவரை தெரியாது.

எட்கர் காட் 2003 ஏப்ரல் 18 அன்று ஃபுளோரிடாவில் தமது 79-வது வயதில் காலமானார். அவர் காட்டிய வழியில் வந்த சின்ன டேட்டாபேஸ் ஒன்று இன்று நம்ம ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் செல்போனுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பதினோரு பக்கம் எழுதிவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் பொறுமையாக வாதாடிய மனிதர் அவர். அடுத்த தடவை விடை தப்பாக வந்தால், கீபோர்டைத் தட்டுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் அட்டவணைகளை வரைந்து, எந்தக் கட்டம் எந்தக் கட்டத்தோடு சேருது என்று கோடு போட்டுப் பாருங்கள் நண்பர்களே! தப்பு எங்கே என்று அந்தத் தாளே காட்டிக்கொடுக்கும்.