பின்கட்டில் வாழ்ந்த எழுத்தாளர்: ஆன் பிராங்க்

ஆன் பிராங்கின் நாட்குறிப்பை ஒரு சிறுமியின் மனம்போன போக்கில் எழுந்த எழுத்தாகவே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அவரே உட்கார்ந்து திருத்தி எழுதிய நூல் அது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை.

1929 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் யூதக் குடும்பமொன்றில் ஆன் பிறந்தார். 1933இல் இட்லர் ஆட்சிக்கு வரவே, தந்தை ஓட்டோ பிராங்க் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் தேடி, பழப்பாகு செய்ய உதவும் பெக்டின் வணிகத்தை நடத்தினார். 1940 மே மாதம் ஜெர்மானியப் படை அங்கும் புகுந்தது. அமெரிக்கா செல்ல அவர் 1941இல் செய்த முயற்சியும் கைகூடவில்லை.

1942 ஜூலை 5 அன்று தமக்கை மார்கோட்டை உழைப்பு முகாமுக்கு அழைக்கும் ஆணை வந்தது. மறுநாளே குடும்பத்தினர் தந்தையின் அலுவலகப் பின்கட்டில் ஒளிந்தனர். பின்னர் வேறு நால்வரும் சேர, மறைந்திருந்தோர் எண்மராயினர். கீழே கிடங்கிற் பணிபுரிந்தோர் செவியிற் படாதபடி பகலெல்லாம் ஓசையடக்கி வாழ்ந்தனர். மீப் கீஸ் உள்ளிட்ட அலுவலக ஊழியர் நால்வர் உணவும் நூல்களும் கொணர்ந்தனர். அகப்பட்டால் தமக்கும் தண்டனை உண்டென்பதை அவர்கள் அறிந்தேயிருந்தனர்.

1944 மார்ச் 28 அன்று, போர்க்கால நாட்குறிப்புகள் திரட்டப்படும் என டச்சு அமைச்சர் ஒருவர் இலண்டன் வானொலியில் அறிவித்தார். அதைக் கேட்ட ஆன், மே மாதம் முதல் தம் குறிப்புகளைத் தனித்தாள்களில் மாற்றி எழுதலானார். சிலவற்றை நீக்கினார், சிலவற்றைச் சேர்த்தார், உடனிருந்தோர்க்குப் புனைபெயர் சூட்டினார். பின்கட்டு என்று பொருள்படும் டச்சுச் சொல்லையே நூலுக்குப் பெயராகத் தேர்ந்தார். சுமார் பத்து வாரங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட தாள்கள்! அவ்வேளை அவருக்கு வயது பதினைந்தே.

ஆகஸ்ட் 4 அன்று காவலர் புகுந்து எண்மரையும் பிடித்தனர். திருத்தப்படி, அந்த வானொலி அறிவிப்புக்கு மறுநாளான மார்ச் 29ஆம் நாட்குறிப்போடு நின்றுபோயிற்று.

தரையிற் சிதறிக் கிடந்த தாள்களை மீப் படிக்காமலே தம் மேசையில் வைத்துக் காத்தார். படித்திருந்தால் எரித்திருக்க நேரும் என்று பிற்காலத்தில் அவர் கூறியதுண்டு. உதவியோரைக் காட்டிக்கொடுக்கும் செய்திகள் அதில் இருந்தன. அவர் பிறர் எழுத்தைப் பார்க்காத நாகரிகத்தால் அன்றோ நமக்கு இந்நூல் கிட்டியது!

1945இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் மார்கோட்டும் ஆனும் மாண்டனர். எண்மருள் தந்தை ஒருவரே மீண்டார். மகளிர் இருவரும் இல்லையெனத் தெரிந்தபின் மீப் அத்தாள்களை அவர் கையிற் கொடுத்தார். 1947 ஜூன் 25 அன்று, மகள் தேர்ந்த பெயரிலேயே நூல் வெளிவந்தது.