நகர்மன்றமும் நாடாளுமன்றமும்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பன போன்ற ஊர்கள். ஆனி, ஆடித் திங்கள்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் மேல்காற்று மூன்று ஊர்களையும் ஒருசேர நனைக்கும். மக்களின் மொழி ஒன்று. கொள்வினை கொடுப்பினை ஒன்று. ஆனால் 1956 அக்டோபர் 31 வரை ஆட்சியால் அவை பிரிந்திருந்தன. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாநிலத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. வாஞ்சிநாதன் பிறந்த செங்கோட்டையோ முதலில் திருவிதாங்கூர் மன்னராட்சியிலும், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. அந்த எல்லைக்கோடு அழிந்த நாளில் சென்னை மாநில முதலமைச்சராக இருந்தவர் காமராசர். எல்லைக்கு அப்பாலிருந்து தமிழகம் வந்த அந்நிலத்தின் ஒரு பகுதிதான் அவருடைய பொதுவாழ்வின் இறுதி ஆண்டுகளில் அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பியது.

காமராசர் 1903 சூலை 15 அன்று விருதுபட்டியில் குமாரசாமி, சிவகாமி அம்மையார் இணையரின் மகனாகப் பிறந்தார். விருதுபட்டி பின்னாளில் விருதுநகர் எனப் பெயர் பெற்றது. இளமையிலேயே தந்தையை இழந்தமையால் பள்ளிக் கல்வி தொடக்க நிலையைச் சற்றே தாண்டியதும் நின்றது. மாமன் கடையில் துணி அளந்துகொண்டிருந்த இளைஞரின் மனம் பொதுக்கூட்ட மேடைகளை நாடியது. அரசியல் ஈடுபாடு தணியட்டும் என்று குடும்பத்தார் அவரைத் திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த மற்றொரு மாமனிடம் அனுப்பினர். அந்நாளில் விருதுநகரிலிருந்து திருவனந்தபுரத்திற்கு இருப்புப்பாதை திருநெல்வேலி, தென்காசி, செங்கோட்டை வழியாகவே சென்றது. குடும்பத்தாரின் எண்ணம் ஈடேறவில்லை. திருவிதாங்கூர் மண்ணில் நடந்த வைக்கம் அறப்போரில் அவர் பங்கு கொண்டார். ஊர் திரும்பிய பின் முழுநேரக் காங்கிரசுத் தொண்டரானார்.

1930இல் வேதாரண்யம் உப்பு அறப்போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்த காமராசர், விடுதலைக்குமுன் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். அவருக்கு அரசியல் ஆசானாக வாய்த்தவர் தீரர் சத்தியமூர்த்தி. ஆசானின் பாதை மாணவரின் பாதைக்கு நேர்மாறானது என்பது குறிப்பிடத்தக்கது. சத்தியமூர்த்தி தில்லி மத்திய சட்டமன்றத்தில் முழங்கிய பின்னரே 1939இல் சென்னை மாநகரத் தந்தை ஆனார்.

காமராசர் 1937இல் சாத்தூர் தொகுதியிலிருந்து போட்டியின்றிச் சட்டமன்றம் சென்றார். 1940இல் தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவரானார். அவ்வாண்டின் இறுதியில் காந்தியடிகளைக் காண வார்தா செல்லும் வழியில் குண்டூரில் கைதாகி, வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் மக்கள் அவரை நகர்மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர். மன்றத்தார் தலைவராகவும் ஆக்கினர். 1941 நவம்பரில் விடுதலையாகி ஊர் வந்தவர் அப்பதவியை ஏற்று அமர்ந்திருக்கலாம். சொந்த ஊர் தரும் பெருமை எவருக்கும் இனியதே. அவரோ பதவியிலிருந்து விலகினார். முழுநேரமும் தர இயலாத பதவியை வைத்திருத்தல் ஊருக்குச் செய்யும் தீங்கு என்பது அவர் கருத்து. அவர் எண்ணியது போலவே, அடுத்த ஆண்டில் ஆகஸ்டு போராட்டம் அவரை மீண்டும் சிறைக்குள் தள்ளியது. மூன்றாண்டுகள் அமராவதியிலும் வேலூரிலும் கழிந்தன. ஒப்புக்கொண்டிருந்தால் விருதுநகர் அவ்வளவு காலமும் தலைவரின்றி இருந்திருக்கும்.

1946இல் அரசியலமைப்பு அவையின் உறுப்பினரானார். 1952இல் நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில் திருவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். ஆயினும் அவருடைய பணிக்களம் தில்லியன்று. 1954 ஏப்ரல் 13 அன்று சென்னை மாநில முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்று சட்டமன்ற உறுப்பினரானார். கட்சித் தலைமைத் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். மூடப்பட்ட பள்ளிகள் திறக்கப்பட்டதும், மதிய உணவுத் திட்டம் பரவியதும், மணிமுத்தாறு முதலிய அணைகள் எழுந்ததும் தமிழகம் நன்கறிந்த செய்திகள்.

அதிகம் பேசப்படாதது எல்லைச் சிக்கலில் அவர் நின்ற நிலை. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடியவர்கள் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசார். 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் போராட்டக்காரர்கள் உயிரிழந்தனர். முதலமைச்சரின் நிலை எளிதன்று. எதிர்ப்புறத்தில் இருந்தவர்களும் அவருடைய கட்சியினரே. முடிவு தில்லியின் கையில் இருந்தது. மாநிலச் சீரமைப்பின்படி 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. அவ்வட்டத்தில் மலைக்கு மேற்கே இருந்த பகுதி மட்டும் கேரளத்தோடு நின்றது. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அவற்றுக்காகக் காமராசர் இன்னும் அழுத்தமாக வாதாடியிருக்க வேண்டும் என்னும் குறை அன்றே எழுந்தது; இன்றும் அது தீரவில்லை. முல்லைப் பெரியாற்று நீரை நம்பி வாழும் மக்களிடையே அக்குறைக்கு இடமுண்டு என்பதை மறுத்தற்கில்லை.

செங்கோட்டைக்கோ அந்நாள் புதுவாழ்வின் தொடக்கம். வரி கட்டவும் வழக்காடவும் கொல்லத்தையும் திருவனந்தபுரத்தையும் நோக்கியிருந்த ஊர், கிழக்கு நோக்கித் திரும்பியது. அதே ஆண்டில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1957 தேர்தலில் செங்கோட்டை வாக்காளர்கள் தென்காசி, குற்றால வாக்காளர்களைப் போலவே சென்னைச் சட்டமன்றத்திற்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர்.

ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட பின், 1963 அக்டோபர் 2 அன்று, கட்சிப் பணிக்காகக் காமராசர் முதலமைச்சர் பதவியைத் துறந்தார். அவர் பெயரால் வழங்கிய அத்திட்டத்தின்படி நடுவண் அமைச்சர் அறுவரும் முதலமைச்சர் அறுவரும் பதவி விலகினர். அடுத்த ஆண்டு அகில இந்தியக் காங்கிரசுத் தலைவரானார். நேருவுக்குப் பின் லால்பகதூர் சாஸ்திரியையும், அவருக்குப் பின் இந்திரா காந்தியையும் பிரதமராகத் தேர்ந்தெடுத்ததில் அவர் பங்கே முதன்மையானது. தாம் அப்பதவியை நாடவில்லை.

இத்தகையவரை 1967இல் விருதுநகர் தோற்கடித்தது. சிறையில் இருந்தபோது தேடி வந்து நகர்மன்றத் தலைமையைத் தந்த ஊர், 1,285 வாக்கு வேறுபாட்டில், பெ. சீனிவாசன் என்னும் இளம் மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. காமராசர் தோல்வியை மக்களின் தீர்ப்பாக ஏற்றுக்கொண்டார். ஊரைக் குறைகூறவில்லை.

மறு ஆண்டில் நேசமணி மறைந்தார். அவர் மக்களவை உறுப்பினராக இருந்த நாகர்கோவில் தொகுதிக்கு 1969 சனவரியில் இடைத்தேர்தல் வந்தது. காமராசர் அங்குப் போட்டியிட்டார். அவருடைய ஆட்சிக்காலத்தில் தமிழகத்தோடு சேர்ந்த மண் அது. இணைப்புக்காகப் போராடிய தலைவரின் தொகுதியும் அது. ஓர் இலட்சத்திற்கும் மிகுதியான வாக்கு வேறுபாட்டில் மக்கள் அவரைத் தில்லிக்கு அனுப்பினர். அதே ஆண்டின் இறுதியில் காங்கிரசு இரண்டாகப் பிளந்தது; அவர் பழைய காங்கிரசில் நின்றார். 1971 தேர்தலில் அக்கட்சி தமிழகமெங்கும் வீழ்ந்தது. முப்பத்தொன்பது மக்களவைத் தொகுதிகளில் அதற்குக் கிடைத்தது ஒன்றே, அது நாகர்கோவில்.

1975 அக்டோபர் 2 அன்று, காந்தியடிகள் பிறந்த நாளில், சென்னையில் காமராசர் மறைந்தார். மறுஆண்டில் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பெற்றது. இறக்கும்போதும் அவர் நாகர்கோவில் தொகுதியின் மக்களவை உறுப்பினராகவே இருந்தார்.