ஜெஸ்ஸி ஓவன்ஸின் இளமைப் பருவம்

1936-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் பந்தயங்களில் நான்கு தங்கப் பதக்கங்களை வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்னும் அமெரிக்க வீரரின் பெயரை அறியாதார் அரியர். ஹிட்லரின் ஆட்சி உச்சத்திலிருந்த காலத்தில், அவர் தலைநகரிலேயே ஒரு கறுப்பின இளைஞர் பெற்ற அவ்வெற்றியைப் பற்றிப் பலரும் பலமுறை எழுதிவிட்டனர். அதற்கு வித்திட்ட பள்ளிப் பருவத்தைப் பற்றியோ நம்மவர் அதிகம் கேள்விப்பட்டதில்லை. அச்சிறுவனுக்குக் கால்களில் வலிமை இருந்தது. ஓடிப் பழகுவதற்குப் பொழுதுதான் இல்லை. அந்தப் பொழுதை ஓர் ஆசிரியர் எவ்வாறு தேடிக் கொடுத்தார் என்பதையே இங்குக் கூற விரும்புகிறேன்.

ஓவன்ஸ் 1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி, அலபாமா மாகாணத்தில் ஓக்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர்க்குப் பத்தாவது குழந்தை. கடைசிக் குழந்தையும் அவரே. தந்தை ஹென்றி ஓவன்ஸ் பிறர் நிலத்தில் பருத்தி பயிரிட்டு விளைச்சலில் பங்கு பெறும் குடியானவர். தஞ்சைத் தரணியின் வாரக்குடிகளை அறிந்தவர்களுக்கு அவ்வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. விதைக்கும் உணவுக்கும் நிலக்காரரிடமே கடன். அறுவடை முடிந்து கணக்குத் தீர்த்தால் கையில் மிஞ்சுவது சொற்பம். பல ஆண்டுகளில் அதுவும் இல்லை. குழந்தையோ நோஞ்சான். குளிர்காலம் வந்தால் மார்ச்சளியும் காய்ச்சலும் தவறாமல் வரும். ஒரு சமயம் மார்பில் தோன்றிய கட்டியை, வைத்தியருக்குக் கொடுக்கப் பணமின்றித் தாயாரே கத்தியைக் காய்ச்சி அறுத்தெடுத்ததாகப் பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார்.

பிழைப்பை நாடித் தென்பகுதிக் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடக்கே குடிபெயர்ந்த காலம் அது. சிறுவனுக்கு ஒன்பது வயதானபோது ஓவன்ஸ் குடும்பமும் ஒஹாயோ மாகாணத்துக் க்ளீவ்லாண்டு நகருக்கு வந்து சேர்ந்தது. ஆண்கள் எஃகு ஆலைகளில் வேலை தேடிக்கொண்டனர். புதிய பள்ளியில் ஆசிரியை பெயரைக் கேட்டார். ஜேம்ஸ் க்ளீவ்லாண்டு என்பது முழுப்பெயர். வீட்டில் அழைப்பது ஜே. சி. என்று. தெற்கத்திப் பேச்சுப் பழகாத ஆசிரியையின் காதில் அது ஜெஸ்ஸி என்று விழுந்தது. ஏட்டில் அவ்வாறே எழுதினார். பையனும் மறுக்கத் துணியவில்லை. வேற்று மாகாணத்து அலுவலகங்களில் தகப்பனார் பெயரே தம் பெயராகிவிடக் கண்ட நம் சங்கத்து அன்பர்களுக்கு இது வியப்பாயிராது. அந்தத் தவறான பெயரே பின்னர் உலகப் புகழ் பெற்றது.

ஃபேர்மவுண்ட் நடுநிலைப் பள்ளியில் சார்லஸ் ரைலி என்பவர் தேகப் பயிற்சி ஆசிரியராக இருந்தார். அவர் வெள்ளையர். பள்ளி மைதானத்தில் ஓடி விளையாடும் பிள்ளைகளிடையே ஜெஸ்ஸியின் ஓட்டம் தனியாகத் தெரிவதை அவர் கவனித்து, மாலையில் மற்றப் பையன்களோடு பயிற்சிக்கு வருமாறு கூறினார். வர இயலாது என்று பையன் சொன்னான். செருப்புத் தைக்கும் கடையில் எடுபிடி வேலை, மளிகைச் சாமான்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தல், சரக்கு இரயில் வண்டிகளில் மூட்டை ஏற்றுதல் எனப் பள்ளி விட்டதும் அவனுக்கு வேலைகள் காத்திருந்தன. (கூட்ஸ் ஷெட்டில் ஒரு மணி நேரமேனும் நின்று பார்த்தவர்களுக்கு அக்கடைசி வேலை எத்தகையது என்பது தெரியும்; அதுவும் ஒரு பள்ளிச் சிறுவனுக்கு!) அவன் கொண்டு வரும் காசு வீட்டுக்குத் தேவையாயிருந்தது.

வேறு ஆசிரியராயிருப்பின் அத்துடன் விட்டிருப்பார். ரைலி அவ்வாறு விடவில்லை. மாலையில் இயலாதாயின் காலையில் வரலாமே என்றார். அன்று முதல், பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே ஆசிரியரும் மாணவனும் வந்துவிடுவர். ஓட்டத் தடம் ஏதும் கிடையாது; பள்ளியை ஒட்டிய நடைபாதையில்தான் ஓட்டம். பையன் வயிறார உண்டு வருவதில்லை என்பதைக் கண்டு ரைலி தம் வீட்டிலிருந்து உணவு கொண்டு வருவார். தம் இல்லத்திற்கே அழைத்துச் சென்று குடும்பத்தாரோடு அமர்த்தி உணவளித்ததும் உண்டு. நிறவேற்றுமை மலிந்திருந்த அந்நாளைய அமெரிக்காவில் இது சிறிய காரியமன்று. அதற்கெனத் தனிச் சம்பளமும் அவருக்கு இல்லை.

ரைலியின் பயிற்சி முறை வேடிக்கையானது. அவனைக் குதிரைப் பந்தயத் திடலுக்கு அழைத்துச் சென்று, ஓடும் குதிரைகளின் முகத்தைப் பார்க்கச் செய்தார். முழு வேகத்தில் ஓடும் குதிரையின் முகத்தில் முயற்சியின் சுளிப்பு தெரிவதில்லை. உடலில் தேவையற்ற இறுக்கமும் இல்லை. ஓடுபவன் பல்லைக் கடித்துத் தோளை இறுக்கினால் அவ்வலிமை வீணாகும் என்பது ஆசிரியரின் கருத்து. பாதம் தரையில் பட்டும் படாமலும் உடனே எழும்ப வேண்டும் என்பது மற்றொரு பாடம். ஓவன்ஸின் ஓட்டத்தைச் சலனப்படத்தில் காண்போர் இன்றும் அதைக் கவனிக்கலாம்: மேலுடல் அசைவதே தெரியாது, முகம் அமைதியாக இருக்கும்.

1928-இல், நடுநிலைப் பள்ளியில் இருக்கும்போதே, அவர் 6 அடி உயரமும் ஏறக்குறைய 23 அடி நீளமும் தாண்டினார். பின்னர்க் கிழக்குத் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கும் ரைலி அவரைக் கைவிடவில்லை. ஆனால் வீட்டு நிலைமை சீர்கெட்டது. 1929-க்குப் பின் வந்த பெரும் பொருளாதார மந்தத்தில் தந்தைக்கு வேலை போயிற்று. 1932-இல், ஃபேர்மவுண்டில் உடன் பயின்ற ரூத் சாலமனுக்கும் அவருக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவ்வாண்டே லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிற்கான தேர்வுப் போட்டியில் ஓடி இடம் பெறாமல் திரும்பினார். பதினெட்டு வயதுப் பையன் ஓட்டத்தை விட்டு ஆலை வேலை தேடியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

1933-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிகாகோவில் தேசிய உயர்நிலைப் பள்ளிகளுக்கிடையே பந்தயங்கள் நடைபெற்றன. அந்நாளில் ஓட்டத் தடம் கரித்தூள் பரப்பியது. ஓட்டக்காரர்கள் சிறு கரண்டியால் தரையில் குழி தோண்டி, அதில் பாதத்தை ஊன்றித்தான் புறப்படுவர். அத்தகைய தடத்தில் ஓவன்ஸ் 100 கஜ தூரத்தை 9.4 விநாடியில் ஓடினார். பெரியவர்களும் சேர்ந்த உலகச் சாதனை அன்று அதுவே. ஒரு பள்ளி மாணவன் அதைத் தொட்டுவிட்டான்! மணிக்கு 35 கிலோமீட்டர் வீதம் ஆகிறது. நம் கிளைப்பாதைப் பாசஞ்சர் வண்டிகள் பலவும் ஒரு காலத்தில் அதனினும் மெதுவாகவே சென்றன. 220 கஜ ஓட்டத்தையும், 24 அடி 9 அங்குலத்திற்கு மேல் தாண்டி நீளத் தாண்டலையும் அவரே வென்றார். க்ளீவ்லாண்டு நகரம் ஊர்வலம் வைத்து வரவேற்றது.

அதன் பின் நடந்தவை சுருக்கமாகக் கூறத்தக்கவை. ஒஹாயோ அரசாங்கப் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டதேயன்றி, படிப்புக்கு உதவித்தொகை தரவில்லை. மாகாண அரசாங்கக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டிச் சம்பாதித்துப் படித்தார். பல்கலைக்கழக விடுதியில் கறுப்பின மாணவர்க்கு இடமில்லை. வெளியூர்ப் பந்தயங்களுக்குச் செல்லும்போது உடனோடும் வெள்ளை மாணவர்கள் உண்ணும் உணவகத்தில் அவர் உண்ண இயலாது. 1935 மே 25-ஆம் தேதி ஆன் ஆர்பர் நகரில், முதுகு வலியோடு களமிறங்கி, ஒரு மணி நேரத்திற்குள் மூன்று உலகச் சாதனைகளை முறியடித்து நான்காவதைச் சமன் செய்தார். அன்று தாண்டிய 8.13 மீட்டர் இருபத்தைந்து ஆண்டுகள், 1960 வரை, எவராலும் மிஞ்சப்படாமல் நின்றது. அவ்வாண்டே ரூத்தை மணந்தார். அடுத்த ஆண்டு பெர்லின்.

பெர்லினிலிருந்து திரும்பியவரை அமெரிக்க அமெச்சூர் விளையாட்டுச் சங்கம், ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தைத் தொடர மறுத்த குற்றத்திற்காக, பந்தயங்களிலிருந்து விலக்கி வைத்தது. குடும்பத்தைக் காக்க அவர் பணத்திற்காக ஓட நேர்ந்தது. 1936 டிசம்பரில் கியூபாவின் ஹவானா நகரில் ஒரு குதிரையுடன் ஓடி வென்றார். பின்னரும் பல ஊர்களில் குதிரைகளுடன் ஓடினார். குதிரையைப் பார்த்து ஓடக் கற்றவர், வயிற்றுப்பாட்டுக்காகக் குதிரையோடேயே ஓட வேண்டி வந்தது.

மதிப்பு காலந்தாழ்ந்தே வந்தது. 1955-இல் அமெரிக்க அரசாங்கத்தின் நல்லெண்ணத் தூதராக இந்தியாவிற்கும் வந்து சென்றார். 1976-இல் ஜனாதிபதி ஃபோர்டு நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருதை அளித்தார். 1980 மார்ச் 31-ஆம் தேதி, நுரையீரல் புற்றுநோயால், அரிசோனா மாகாணத்தில் காலமானார்.

பெர்லினில் தங்கப் பதக்கம் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டியில் ஓக் மரக்கன்று பரிசாக வழங்கப்பட்டது. ஓவன்ஸ் கொண்டு வந்த கன்றுகளுள் ஒன்று க்ளீவ்லாண்டில் ரோட்ஸ் உயர்நிலைப் பள்ளியின் வளாகத்தில் நடப்பட்டு, பள்ளிப் பிள்ளைகள் ஓடும் தடத்தின் அருகே பெருமரமாக வளர்ந்தது.