தாம்பரம் ‘சானடோரியம்’... ஸ்டேஷனுக்கு இந்தப் பேர் வரக் காரணமான டாக்டர் யார்?

காரைக்கால், தருமபுரம் பக்கமிருந்து சென்னைக்கு ரயில்ல போறவங்க, தாம்பரம் தாண்டியதும் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீங்க. ‘தாம்பரம் சானடோரியம்’. சானடோரியம்னா காசநோயாளிகள் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளும் இடம். இதை உருவாக்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து.

இங்கிலாந்தில் தமிழ் டாக்டர்

லண்டனில் மருத்துவம் படித்த சௌரிமுத்து, 1900-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்தினார். காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து அப்போ கிடையாது. முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததே 1940-களில்தான்.

அப்போ சிகிச்சைன்னா என்ன? திறந்த காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு. உடம்பு கொஞ்சம் தேறியதும் மூச்சுப் பயிற்சி, நடை, சின்னச் சின்ன வேலைகள். இதெல்லாம் படிப்படியாகத்தான்.

ராமானுஜனுக்கும் சிகிச்சை

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன், 1917-ல் இங்கிலாந்தில் நோயில் விழுந்தார். காசநோயாக இருக்கலாம்னு சந்தேகம். அவர் கொஞ்ச காலம் தங்கியது சௌரிமுத்துவின் சானடோரியத்தில்தான். பிறகு வேறு இடங்களுக்கு மாறினார். ஊர் திரும்பி, 1920-ல் 32 வயதில் காலமானார். திறந்த காற்று சிகிச்சை எல்லாரையும் காப்பாற்றிவிடவில்லை என்பதும் உண்மை.

தாம்பரத்தில் 12 படுக்கைகள்

இந்தியா திரும்பிய சௌரிமுத்து, 1928-ல் தாம்பரத்தில் சுமார் 250 ஏக்கரில் சானடோரியம் தொடங்கினார். ஆரம்பத்தில் 12 படுக்கைகள்தான். 1937-ல் அது சென்னை மாகாண அரசின் கைக்குப் போனது. இன்னைக்கு அதுதான் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

இன்றைக்கு எதுக்கு இந்தக் கதை?

காசநோயை இப்போ மாத்திரையால் குணப்படுத்தலாம். அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனா பாதியில் நிறுத்தக் கூடாது. குணமான பிறகும் சிலருக்கு நுரையீரலில் தழும்பு தங்கிவிடும். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். பீடி, சிகரெட், விறகடுப்புப் புகையால் வரும் சிஓபிடி நோயாளிகளுக்கும் இதே நிலைமைதான்.

மூச்சு வாங்குதேன்னு பயந்து உட்கார்ந்தே இருந்தால், கால் தசைகள் பலமிழக்கும். அப்புறம் கொஞ்சம் நடந்தாலே இன்னும் அதிகமா மூச்சு வாங்கும். இந்தச் சுழலை உடைப்பதுதான் ‘நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி’. கண்காணிப்போடு நடைப்பயிற்சி, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடுவது, உணவு ஆலோசனை என்று பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் நடக்கும். கெட்டுப்போன நுரையீரல் புதுசாகாது. ஆனா இருக்கிற மூச்சை வைத்துக்கொண்டு கடைக்குப் போய்வரும் அளவுக்குத் தெம்பு வரும்.

மருந்தே இல்லாத காலத்தில், படுக்கையில் கிடந்தவரை மெல்ல எழுப்பி நடக்க வைத்தார் சௌரிமுத்து. மருந்து கிடைக்கிற இந்தக் காலத்திலும் அந்தப் பகுதிக்கு வேலை இருக்கு. வீட்டில் யாருக்காவது நாள்பட்ட மூச்சிரைப்பு இருந்தால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மாத்திரையோடு பயிற்சியைப் பற்றியும் கேளுங்க. தானாக ஆரம்பிக்க வேண்டாம்.